மூன்று நாள் மௌனம்

உருகிய மெழுகில் இரண்டு கைகளையும் முக்கி எடுத்து, காயவிட்டு, மறுபடி முக்கி, இப்படி எட்டு தடவை ஆனபிறகு லூர்து அக்கா பாலிதீன் பையைச் சுற்றி, அதற்கு மேல் துண்டைச் சுற்றி, பச்சைப் பிள்ளையைக் கிடத்துகிற பதவிசோடு மங்கையர்க்கரசியின் கைகளைத் தலையணை மேல் கிடத்தினாள். "இருவது நிமிஷம் மேடம். ஆட்டக்கூடாது, அசைக்கக்கூடாது. மூக்கு அரிச்சா கூப்பிடுங்க, நான் வந்து சொறிஞ்சு விடுறேன்." சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து முப்பத்திரண்டு. தில்லைநகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிற இந்த பிசியோதெரபி நிலையத்துக்கு மங்கை வர ஆரம்பித்து இது ஒன்பதாவது நாள். இருபது வருஷமாகக் கீபோர்டைத் தட்டிய மணிக்கட்டு இரண்டும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. எதிர் மூலையில் தோள் இறுகிப்போன ஒரு பெரியவர் கப்பியில் தொங்கும் கயிற்றை இழுத்து இழுத்து விடுகிறார், கிணறும் இல்லை வாளியும் இல்லை, வெறும் இழுப்பு. கைப்பையில் போன் ஒருமுறை உறுமி அடங்கியது. பதினோரு மணிக்கு ஒரு முடிவு தானாகவே முடிவாகிவிடும். அதை நிறுத்த வேண்டுமானால் யாராவது ஒருத்தர் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதக்கூடிய கை இரண்டும் இங்கே கொழுக்கட்டை மாதிரி வெந்துகொண்டிருக்கின்றன. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள். நினைத்தது வெட்கமாயிருந்தது. ஆனாலும் நல்லதாய்த்தான் போயிற்று.

முடிவு என்ன, பெரிய முடிவு. செவித்துணையின் நான்காம் பதிப்பு வெளியாகலாமா என்பது. செவித்துணை என்பது கம்ப்யூட்டர் திரையில் இருக்கிற தமிழைப் படித்துச் சொல்லும் மென்பொருள், கண் தெரியாதவர்களுக்காக. காசு கிடையாது, கம்பெனி கிடையாது, பத்து ஊரிலிருந்து முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஓய்ந்த நேரத்தில் எழுதுவது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் இளஞ்சேரல் ஆரம்பித்து வைத்தார், அப்போது மங்கை ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் பொறுப்பாளர், இப்போதும் அதேதான், வளர்ச்சி இல்லாத ஒரே ஆள். அன்றைக்கு ஒரு குரல் செய்தார்கள், ஒவ்வொரு எழுத்தாக வெட்டி ஒட்டிய குரல், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினாற்போல இருக்கும். கேட்கிறவர்களே அதற்குத் தகரம் என்று பேர் வைத்துவிட்டார்கள். நான்காம் பதிப்பில் தகரம் இல்லை. புதுக்குரல் வருகிறது, பெண் குரல், தேன், மூச்சுகூட விடுகிறது, வாக்கியம் முடியும் இடத்தில் லேசாக இறங்குகிறது. சேரல் அண்ணன் முதல் தடவை கேட்டபோது போனில் அழுதுவிட்டார். "மனுஷக் குரலும்மா மங்கை, நம்ம பிள்ளைகளுக்கு மனுஷக் குரல் குடுத்துட்டோம்" என்றார். நம்ம பிள்ளைகள் என்றால் நாற்பது வயது பேங்க் அதிகாரியும் சேர்த்துத்தான். இரண்டு குரலையும் வைத்துக்கொள்ள இடமில்லை, பழையதைப் பராமரிக்க ஆளில்லை, எனவே எடுத்துவிடலாம் என்று முன்மொழிவு. அதற்குத்தான் மூன்று நாள். மூன்று நாள் விதி மங்கை போட்ட விதி. எதையாவது செய்யலாமா என்று கேட்டால் முப்பது பேரும் முப்பது மாதிரிச் சொல்லி, மூன்று மாதம் இழுத்து, கடைசியில் யார் யாரை எப்போது அவமதித்தார் என்பதில் போய் முடியும். அந்த அலுப்பில் ஒருநாள் எழுதினாள்: முன்மொழிவு இணையத்தில் இருக்கிற நம் மன்றத்தில் மூன்று நாள் இருக்கட்டும், ஒருவர் எதிர்த்தாலும் நிற்கும், யாரும் எதிர்க்காவிட்டால் சமூகம் சம்மதித்ததாக அர்த்தம். கல்யாணப் பெண் தலையைக் குனிந்தால் சம்மதம் என்கிற மாதிரி. அந்தக் காலத்துப் பெண்ணிடம் யாராவது நிமிர்ந்து சொல் என்று கேட்டார்களா என்ன.

மூக்கு அரித்தது. சொன்னதால்தான் அரிக்கிறது, இல்லாவிட்டால் அரிக்காது. தோளில் தேய்த்துக்கொண்டாள். மெழுகுக்குள் விரல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை, சுண்டு விரல் எங்கே முடிகிறது மெழுகு எங்கே ஆரம்பிக்கிறது. இந்த இருபது நிமிஷம்தான் ஒரு நாளில் அவளை யாரும் எதுவும் கேட்காத நேரம். அதையும் விடாமல் மூளை மன்றத்துக்கே போகிறது, வண்டி மாடு பழைய வீட்டுக்குப் போகிற மாதிரி. போன வாரம் சேரல் அண்ணன் ஓர் அரசுத் துறைக்குக் கடிதம் போட்டுவிட்டார். செவித்துணைச் சமூகத்தின் ஒருமித்த முடிவின்படி நான்காம் பதிப்பு வெள்ளிக்கிழமை வெளியாகிறது, விழாவுக்கு அன்புடன் அழைக்கிறோம், சமூகத்தின் சார்பில், கையொப்பம். ஒருமித்த முடிவு எங்கே இருக்கிறது, மூன்று நாளே இன்னும் ஆரம்பிக்கவில்லையே. பெங்களூரிலிருந்து தினகரன், புதுக்குரலுக்கான நிரலில் முக்கால்வாசியை எழுதிய பையன், பையன் என்ன பையன், முப்பத்தைந்து வயது, அவன் கேட்டான்: சமூகத்தின் சார்பில் பேச இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது, நிரல் எழுதுகிறவன் நான், வெளியீட்டு நாளைக் கடிதம் எழுதுகிறவர் சொல்வதா. சேரல் அண்ணன் பதிலுக்கு, விதை போட்டவன் நான், நீ நேற்று வந்தவன் என்கிற பொருளில் மிகவும் மரியாதையாக நாலு பக்கம் எழுதினார். மொழிபெயர்ப்புக் குழு தனியாகக் கோபித்துக்கொண்டது. நூற்று நாற்பத்தியோரு பதிவு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள், இங்கே பூசாரிகளே முப்பது பேர், யார் மணியடிப்பது என்று சண்டை, சாமியை யாரும் கேட்கவில்லை. மங்கை வெளியீட்டுப் பொறுப்பாளர், அவள்தான் கடைசிப் பொத்தானை அமுக்குகிறவள், இரண்டு பக்கமும் அவளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு நியாயம் சொன்னது. "நீங்களே சொல்லுங்க மேடம்." "நீயே சொல்லும்மா." கடைசியில் தேதியில் மட்டும் சமாதானம் ஆனது, மூன்று நாள் விதிக்கு விடுவோம், விதி சொல்லட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு முன்மொழிவைப் போட்டாள். இன்றைக்குப் புதன். இதுவரை ஓர் எதிர்ப்பும் இல்லை.

இல்லை என்று சொல்லிவிட முடியுமா. ஞானதீபம் இருக்கிறானே. பாளையங்கோட்டைக்காரன், பேங்கில் வேலை, பிறவியிலேயே பார்வை இல்லை, செவித்துணையை முதல் பதிப்பிலிருந்து கேட்கிறவன். ஞாயிறு மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஏழு நிமிஷத்துக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தான். மங்கை சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள். "யக்கா, புதுக்குரல் நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல. ஆனா நாங்க மெதுவா கேக்குத ஆளுவ இல்லக்கா. மூணு மடங்கு வேகத்துல ஓட்டி கேப்போம். தகரம் அந்த வேகத்துல வெட்டுவெட்டா தெளிவா விழும். இவ கொழகொழன்னு போயிருதா, கஞ்சி மாதிரி. அடுத்த மாசம் பரீட்சை, இங்க நாப்பது பிள்ளைங்க ராத்திரி பகலா கேட்டுக் கெடக்கு. தகரத்த எடுத்திராதீங்க." நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததாலேயே எரிச்சலாகவும் இருந்தது, இனி மறுபடி சேரல் அண்ணன், மறுபடி தினகரன், மறுபடி நூற்று நாற்பது. நொந்துபோன கட்டைவிரலால் அவள் இரண்டு வரி அனுப்பினாள்: மன்றத்தில் எழுதுங்க தம்பி, அங்கே வந்தால்தான் கணக்கு, என்னிடம் தனியாகச் சொன்னால் நான் உங்களுக்காகப் பேசுகிறேன் என்று ஆகிவிடும். சரியான பதில்தானே. விதி என்றால் எல்லாருக்கும் விதி. அவன் ஒரு வினாடி சிரித்துவிட்டு, "சரிக்கா" என்று அனுப்பினான். அவ்வளவுதான். அதற்கப்புறம் மன்றத்தில் அவன் வரவில்லை. மூன்று நாளாக அந்த சரிக்கா அவள் பல்லில் மாட்டிய நார் மாதிரி நெருடுகிறது. ஏன் சிரித்தான். வக்கணையாக ஏழு நிமிஷம் பேசுகிறவன், இரண்டு வரி எழுத என்ன கேடு. சோம்பேறித்தனம். எல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போவது. எதிர்ப்பு என்றால் ஊரறிய எழுந்து நின்று சொல்ல வேண்டும், காதோடு சொல்லிவிட்டுப் போனால் அதற்குப் பேர் புலம்பல். இப்படி நினைத்துச் சமாதானம் ஆகும்போதே சரிக்கா திரும்ப வந்தது. கோபமில்லாத சரிக்கா. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

பத்து முப்பத்தொன்பது. பெரியவர் கயிற்றை விட்டுவிட்டு மூச்சு வாங்கினார். மங்கைக்கும் மூச்சு வாங்கியது, உட்கார்ந்த இடத்தில். இதையெல்லாம் விட்டால் என்ன என்று தோன்றியது. புதிதாகத் தோன்றுவதில்லை, வாரம் ஒருமுறை தோன்றும். வீட்டுக்காரர் சொல்வது ஒன்றே ஒன்றுதான், உறையூர் வீட்டில் அவர் சொல்லாத நாள் இல்லை: "சம்பளமும் இல்ல, சாமி காரியமும் இல்ல, உனக்கு எதுக்கு இந்த ஊர் வம்பு?" சம்பளம் இல்லாததால்தான் விட முடியவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது. முதல் பதிப்பு வந்த வாரத்தில் தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண் போன் செய்து, மேடம், நான் இன்னிக்கு யாரும் பக்கத்துல இல்லாம தனியா பேப்பர் படிச்சேன் என்றாள். முப்பத்தோரு வயதில் முதல் தடவையாம். அந்த ஒரு போனுக்காகப் பதினேழு வருஷம். இரண்டு மணிக்கட்டு. இப்போதெல்லாம் அந்த மாதிரி போன் வருவதில்லை. ஏன் வருவதில்லை. பழகிவிட்டது, அதனால் வருவதில்லை. தண்ணீர்க் குழாய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள். தவிரவும் இரண்டு வருஷமாக எல்லாமே ஒழுங்காகப் போகிறது, இந்தக் கடிதச் சண்டையைத் தவிர. அதற்கு முன்னால் இருந்த பழைய மின்னஞ்சல் மடற்குழு ஒரு சந்தைக்கடை. இந்தப் பொத்தான் வாய் திறக்கவில்லை, அந்தப் பட்டியல் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை, ஏன் மாற்றினீர்கள், யாரைக் கேட்டு மாற்றினீர்கள், திட்டு, கெஞ்சல், மறுபடி திட்டு. புது மன்றத்துக்கு மாறியபிறகு அமைதி. இரண்டு வருஷத்தில் பதினாலு முன்மொழிவு, பதினாலும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறின. கோயம்புத்தூர் கூட்டத்தில் அவளே மேடையில் சொன்னாள், நம் சமூகம் பக்குவப்பட்டுவிட்டது என்று. கை தட்டினார்கள். பக்குவம். யாருக்குத்தான் வயது ஏறவில்லை.

லூர்து அக்கா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், கையில் போனை எட்ட வைத்து, கிட்ட வைத்து, மறுபடி எட்ட வைத்து. "மேடம், செத்த பாருங்களேன். பேத்தி ஓவியப் போட்டிக்குப் பேரு குடுக்கணுமாம், மருமக அனுப்பியிருக்கா. எல்லாம் ரொப்பிட்டேன். கடைசில இப்புடி ஒம்போது கட்டம் வருது, பஸ்ஸு இருக்குற கட்டத்தைத் தொடுன்னு. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். எனக்கு எல்லாக் கட்டமும் பூனை மாதிரி இருக்கு. தப்பா தொட்டா திரும்பத் திரும்ப வேற படம் குடுக்குது. நான் மனுஷிதான்னு எப்புடித்தான் இதுகிட்ட சொல்றது?" மங்கை எட்டிப் பார்த்தாள். "மேல ரெண்டாவது. நடுவுல மொதல்ல. கீழ கடைசி." லூர்து அக்கா தொட்டாள், பச்சை டிக் விழுந்தது, "உள்ள விட்டுட்டான்!" என்று சந்தோஷப்பட்டு, அப்புறம் சும்மா, யாரிடமும் இல்லாமல், "கண்ணு தெரியாதவங்கல்லாம் என்ன பண்ணுவாங்களோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்று சொல்லிவிட்டு எழுந்து பெரியவரின் கயிற்றைச் சரிசெய்யப் போய்விட்டாள். மங்கை அசையவில்லை. அசையக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மன்றத்து வாசலில் வருகிற ஒன்பது கட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

இல்லை. இருக்காது. நம்மில் யாராவது கவனித்திருப்பார்கள். யார் கவனித்திருப்பார்கள், நம்மில் எல்லாருக்கும் கண் இருக்கிறது. மன்றம் மாறிய முதல் வாரம் உடம்பு இளைக்க மருந்து, உடனடிக் கடன், ரஷ்ய மொழியில் என்னவோ, நாளுக்கு இருநூறு குப்பைப் பதிவு வந்து விழுந்தது. அள்ளி அள்ளிக் கொட்டிக் கை ஓய்ந்து, ஒரு சனிக்கிழமை, இலவசமாகக் கிடைத்த ஒரு படப்பூட்டை எடுத்து வாசலில் மாட்டினாள். ஒன்பது கட்டம். வெளியே நின்று படிக்கலாம், எழுத உள்ளே வரும்போதெல்லாம் கேட்கும். சில பூட்டுகளில் காது படம் ஒன்று இருக்கும், அதை அமுக்கினால் ஒலியாகக் கேட்டுப் பதில் சொல்லலாம். இலவசத்தில் அது இல்லை. இருந்ததா என்று அவள் பார்க்கவும் இல்லை. மென்பொருளில் ஒரு புள்ளி மாறினால்கூடக் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிக்கிறவள். நிஜமாகவே கட்டிக்கொள்வாள், மாமியாரின் பழைய புடவைக் கிழிசலால். மன்றம் மென்பொருள் இல்லை, வாசல்தானே, வாசலை யார் சோதிப்பார்கள். அன்று சாயங்காலமே குப்பை நின்றது. முப்பது பேர் கும்பிடு படம் போட்டார்கள். கையெடுத்துக் கும்பிட்ட முப்பது படம். கண் தெரியாதவர்களுக்கு மென்பொருள் எழுதுகிற கூட்டம், அவர்கள் பேச வேண்டிய வாசலில் படம் பார்த்துச் சொல் என்று பூட்டு மாட்டிவிட்டுக் கும்பிட்டது. அடுத்த வாரம் யாரோ கேட்டார்கள், யார், பேர் மறந்துவிட்டது, வாட்ஸ்அப்பில், மேடம் மன்றம் உள்ள போக முடியலை என்று. பிரவுசர் மாத்திப் பாருங்க என்று பதில் சொன்னாள். லேப்பில் பசங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய பதில். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. பதினாலு முன்மொழிவு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள். நாற்பத்திரண்டு நாள் மௌனத்தை எடுத்துச் சம்மதம் என்று பதிந்திருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் கீழே தன் பேரைப் போட்டு. நூற்று நாற்பத்தியோரு பதிவில் சமூகத்தின் சார்பில் பேசுவது யார் என்று அடித்துக்கொண்டவர்களில் ஒருவராவது தகரத்தைக் கேட்டு வாழ்கிறவர் இல்லை, அது யாருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. மன்றத்தில் எழுதுங்க தம்பி. அங்கே வந்தால்தான் கணக்கு. ஐயோ. பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்கிறவனைப் பார்த்து, உள்ளே வந்து சொல், அப்போதுதான் காதில் விழும் என்று சொல்லியிருக்கிறாள். அவன் சரிக்கா என்றான்.

"லூர்தக்கா!" குரல் அவளை மீறிப் பெரிதாக வந்தது. பெரியவர் கயிற்றை விட்டுவிட்டார். "பையில போன் இருக்கு, எடுங்க. ஞானதீபம்னு இருக்கும். போட்டு என் காதுல வையுங்க." லூர்து அக்கா தேடித் தடவி, கண்ணாடி இல்லாமல் திண்டாடி, மங்கை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஒருவழியாக மணி போயிற்று. பத்து நாற்பத்தொன்பது. "யக்கா, பேங்க்ல இருக்கேன், சொல்லுங்க." "தம்பி, மன்றத்துல அந்தப் படம்... ஒன்பது கட்டம் வருதே, அது உங்களுக்கெல்லாம்..." மறுமுனையில் யாரோ டோக்கன் எண் கூவினார்கள். "இப்பத்தான் தெரியுதாக்கா?" என்றான். "நெசமாவே தெரியாதா? நாங்க, தெரிஞ்சேதான் போட்டிருக்கியன்னு நெனச்சோம். நாங்க சும்மா சும்மா குத்தம் சொல்லுதோம்னு, தொல்ல தாங்காம வெளிய தள்ளிட்டியன்னுதான். இங்க எல்லாரும் அப்பிடித்தான் பேசிக்கிடுதோம். ரெண்டு வருசமா." தெரிந்து செய்தாள் என்று நினைத்துக்கொண்டேதான் அக்கா அக்கா என்று கூப்பிட்டானா, புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்பினானா. திட்டியிருக்கலாமே. "தம்பி, நான் எதிர்ப்பு எழுதிடுறேன். உங்க எல்லார் சார்புலயும். இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு, நிறுத்திடலாம்." "வேண்டாம்க்கா." மெதுவாகத்தான் சொன்னான். "எங்க சார்புல யாரும் ஒண்ணும் எழுத வேண்டாம். அத்தன பேரும் அதத்தான எழுதுதாக. நீங்க அந்தப் படத்த மட்டும் எடுங்க. நாங்க எழுதிக்கிடுதோம்." "பதினோரு நிமிஷம்தான்ப்பா." "பதினோரு நிமிசம் எங்க வேகத்துக்கு அர மணி நேரம்லா. எடுங்கக்கா."

"பிரிங்க" என்றாள். "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு மேடம், சூடு உள்ள எறங்கணும்" என்றாள் லூர்து அக்கா. "எறங்கிருச்சு. பிரிங்க." துண்டு போயிற்று, பை போயிற்று, மெழுகு கையுறை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது, உள்ளே விரல்கள் வெந்து சிவந்து எண்ணெய் வழிய இருந்தன. போனை வாங்கி மன்றத்தைத் திறந்தாள். அது அவளை யாரென்று கேட்டது. ஒன்பது கட்டம். படகு இருக்கிற கட்டங்களைத் தொடவும். தொட்டாள், எண்ணெய் விரலுக்குத் திரை அசையவில்லை. புடவையில் துடைத்துவிட்டுத் தொட்டாள், பக்கத்துக் கட்டம் மாட்டியது, வேறு படம் வந்தது. மாடிப்படி. எது மாடிப்படி, இதுவா, ஏணி மாடிப்படியில் சேர்த்தியா. தவறு, மறுபடி முயலவும். அவள் மாட்டிய பூட்டு அவளையே நாயாய் அலைக்கழித்தது. வேண்டும் உனக்கு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், நன்றாக வேண்டும். நாலாவது தடவையில் கதவு திறந்தது. அமைப்புகள், பாதுகாப்பு, படச் சோதனை, நீக்கு. நிச்சயமாக நீக்கவா. ஆமாம். பத்து ஐம்பத்து மூன்று. எடுத்துவிட்டேன் என்று ஞானதீபத்துக்கு அனுப்பினாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. தானே எதிர்த்துவிட விரல் துடித்தது, ஒரு வரிதானே, பாதுகாப்புக்கு, ஒருவேளை அவர்கள் வராவிட்டால். வேண்டாம் என்றானே. வேண்டாம் என்றவனை மீறி அவனுக்கு நல்லது செய்வதும் அதே பழைய வியாதிதான். ஐம்பத்து நாலு. ஒன்றுமில்லை. கடவுச்சொல் மறந்திருப்பார்கள். இரண்டு வருஷம் ஆயிற்றே. ஐம்பத்தைந்து. யாரும் இல்லை. நம்பிக்கை விட்டுப்போயிருக்கும், கதவு திறந்துவிட்டது என்று சொன்னால் ஓடி வர அவர்கள் என்ன இவளுக்கு வேலையாளா.

ஐம்பத்தாறில் ஒன்று விழுந்தது. எதிர்க்கிறேன், காரணம் கீழே, ஞானதீபம், பாளையங்கோட்டை. அவ்வளவுதான், நான்காம் பதிப்பு நின்றுவிட்டது, ஒருவர் போதும். கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தாள். திறந்தபோது மூன்று. அப்புறம் ஏழு. எதிர்க்கிறேன், தஞ்சாவூர். எதிர்க்கிறேன், வேகம் குறைகிறது, பரீட்சைக்குப் படிக்கிறேன், திண்டுக்கல். ஒருவர் தகரத்தைப் பராமரிக்க ஆளில்லை என்பது பொய், நான் நிரல் எழுதுவேன், என்னை யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். ஒருவர் பழைய பதினாலு முடிவையும் திரும்ப எடுக்கச் சொன்னார். இன்னொருவர், சரஸ்வதி என்று பேர், இவ்வளவுதான் எழுதியிருந்தார்: இரண்டு வருடம் எங்களை வெளியே வைத்தவர் வெளியீட்டுப் பொறுப்பாளர். அவர் அந்த இடத்தில் தொடரலாமா என்று முதலில் பேசுவோம். மங்கை அதை இரண்டு தடவை படித்தாள். வலித்தது. பதினேழு வருஷம் என்று சொல்லிக்கொண்டு ஒரு வலி நெஞ்சில் எழுந்தது, அதைச் சொல்லிக்காட்ட எழுந்த வாயை அவளே அடக்கினாள். நன்றி என்று ஒருவரும் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும். பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சேரல் அண்ணன் கூப்பிட்டார், குரல் பதறியது. "ஏம்மா மங்கை, என்னம்மா நடக்குது அங்க? வெள்ளிக்கிழமை விழா இருக்குது! இருவது முப்பது பேரு திபுதிபுன்னு வந்து எழுதறாங்க. யாரும்மா இவங்கெல்லாம்?"

"வெளிய நின்னுக்கிட்டு இருந்தவங்கண்ணா" என்றாள் மங்கை. "நான்தான் பூட்டி வச்சிருந்தேன். அப்புறம் பேசறேன்." போனை வைத்தாள். லூர்து அக்கா மெழுகைத் திரும்பச் சட்டியில் போட்டு உருக்கிக்கொண்டிருந்தாள். மங்கை மன்றத்தைத் திறந்து சரஸ்வதியின் பதிவுக்குக் கீழே பதில் எழுதுகிற கட்டத்தைத் தொட்டாள். மணிக்கட்டு விண்ணென்றது. யாருடைய சார்பிலும் இல்லாமல், தன் பேரில், முதல் வார்த்தையாக 'ஆமாம்' என்று அடித்தாள்.